பேச்சு முறிஞ்ச ரெண்டு நாடு மறுபடி உறவு வைக்கணும்னா என்னென்ன நடக்கணும்?

நியூஸ்ல அடிக்கடி இந்த மாதிரி ஒரு வரி வரும்: பல வருஷமா பேச்சே இல்லாம இருந்த ரெண்டு நாடு மறுபடி தூதரக உறவு வச்சுக்க முடிவு பண்ணிருக்கு. கூடவே ரெண்டு தலைவருங்க கை குலுக்குற போட்டோ. பாக்குறவங்களுக்கு, சரி, பிரச்சன முடிஞ்சுது போலன்னு தோணும். உண்மையில அந்த போட்டோ எடுக்குற அன்னிக்கு வேலை பாதிகூட முடிஞ்சிருக்காது. அதுக்கு முன்னாடி மாசக்கணக்குல ரகசியமா ஒரு வேலை நடந்திருக்கும், அதுக்கு அப்புறம் வருஷக்கணக்குல சட்டம், வரி, பேங்க், விசா, பழைய சொத்துக் கணக்குன்னு யாரும் போட்டோ எடுக்காத வேலை நடக்கணும். இந்தப் பின்னாடி வேலை நடந்தா உறவு நிக்கும், நடக்கலன்னா ஆட்சி மாறுனதும் திரும்ப பழைய இடத்துக்கே வந்துரும். கியூபா, வியட்நாம், எரித்ரியா மூணு கதையையும் வச்சுப் பாத்தா இது நல்லா புரியும்.

முதல்ல அடிப்படை. ஒரு நாட்டை அங்கீகரிக்கிறது வேற, அதோட தூதரக உறவு வைக்கிறது வேற, அங்க எம்பசி திறக்கிறது வேற, அந்த எம்பசிக்கு தூதரை அனுப்புறது வேற. நாலையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் பாதி நியூஸ் புரியாமப் போகுது. இந்தியா இஸ்ரேலை 1950லயே அங்கீகரிச்சாச்சு, ஆனா முழு தூதரக உறவு வச்சது 1992 ஜனவரியிலதான், நடுவுல நாப்பது வருஷத்துக்கு மேல "நீ ஒரு நாடுதான், ஒத்துக்குறேன், ஆனா எம்பசி எல்லாம் இப்ப வேணாம்"ங்கிற நிலைமை. சீனாவோட வேற மாதிரி. உறவு அறுந்து போகவே இல்ல, 1962ல போர் நடந்தப்பக்கூட. ஆனா 1961லேர்ந்து 1976 வரைக்கும் பெய்ஜிங்ல இந்தியாவுக்கு தூதரே கிடையாது, அவருக்குக் கீழ நிலையில இருக்கிற பொறுப்பு அதிகாரிதான் எம்பசியை நடத்துனாரு. 1976ல தூதரா போனவரு கே.ஆர்.நாராயணன், பின்னால ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். அதனால "உறவு இருக்கு"ன்னு சொன்னா எந்த அளவுல இருக்குன்னு அடுத்த கேள்வி கேட்டே ஆகணும்.

இதுக்கெல்லாம் விதிமுறை 1961ல போட்ட வியன்னா உடன்படிக்கையில இருக்கு. அதுல ரெண்டாவது பிரிவு ரொம்ப சின்னது, தூதரக உறவு ரெண்டு பேரும் சம்மதிச்சாதான், அவ்வளவுதான். உறவு வைக்க ரெண்டு கை வேணும், முறிக்க ஒரு கை போதும். முறிச்சாலும் சில கடமை போகாது. 45வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, உறவு அறுந்தாலும், ஏன் போரே வந்தாலும், அந்த நாட்டோட எம்பசி கட்டடம், சொத்து, ஃபைல் எல்லாத்தையும் நீ காப்பாத்தணும், அதைப் பாத்துக்கிற பொறுப்பை உனக்கும் சம்மதமான ஒரு மூணாவது நாட்டுகிட்ட அந்த நாடு ஒப்படைக்கலாம். பேச்சு நின்னுபோன ரெண்டு வீட்டுக்கு நடுவுல மூணாவது வீட்டுக்காரர் சாவியும் வச்சுகிட்டு சேதியும் சொல்ற மாதிரின்னு வச்சுக்கங்க. இந்த வேலையில பேர் போன நாடு சுவிட்சர்லாந்து. ஈரான்ல அமெரிக்காவோட காரியங்களை 1980லேர்ந்து அவங்கதான் பாக்குறாங்க.

கியூபாவுலயும் அதே சுவிஸ்தான். 1961 ஜனவரி 3 அன்னிக்கு, ஜனாதிபதி ஐசன்ஹோவர் பதவி முடியறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி, அமெரிக்கா உறவை முறிச்சுது. கியூபா தலைநகர் ஹவானாவுல மலேகோன் கடற்கரை ரோட்டுல இருந்த எம்பசி கட்டடம் சுவிஸ் பொறுப்புக்குப் போச்சு. வாஷிங்டன்ல கியூபா பக்கத்துக்கு அப்ப செக்கோஸ்லோவாக்கியா. 1977ல கார்ட்டர் காலத்துல ஒரு நடுவழி கண்டுபிடிச்சாங்க, எம்பசின்னு பேர் வைக்காம "நலன் பிரிவு"ன்னு பேர் வச்சு ரெண்டு நாட்டு அதிகாரிங்களும் அவங்கவங்க பழைய கட்டடத்துக்கே திரும்பி வந்து உக்காந்தாங்க, ஆனா பேப்பர்ல அது இன்னொரு நாட்டு எம்பசியோட ஒரு பிரிவு. இப்படியே 38 வருஷம். 2006ல அமெரிக்கா அந்தக் கட்டடத்து ஜன்னல் ஓரமா எலக்ட்ரானிக் போர்டு வச்சு கியூபா ஆட்சிக்கு எதிரான வாசகத்தை ஓட விட்டுது, கியூபா அதை மறைக்கிறதுக்குன்னே எதுத்தாப்புல 138 கம்பம் நட்டு கருப்புக் கொடி கட்டுச்சு. ரெண்டு அரசாங்கம் பேசிக்க வேண்டியதை போர்டுலயும் கொடியிலயும் பேசிக்கிட்ட காலம் அது.

இதனால சாதாரண ஜனங்களுக்கு என்னன்னு கேட்டா, எல்லாமே அவங்களுக்குத்தான். எதிர்நாட்டுல ஒருத்தர் பாஸ்போர்ட்டைத் தொலைச்சுட்டா, கைதாயிட்டா, செத்துப்போயிட்டா, பாக்க ஆள் இல்ல. அங்க இருக்கிற அம்மாவுக்கு பணம் அனுப்ப பேங்க் வழி இல்ல. கல்யாணத்துக்குப் போக விசா குடுக்கிற இடம் இல்ல. நேரா ஃபிளைட் கிடையாது, மூணாவது நாட்டுக்குப் போய் சுத்திக்கிட்டு வரணும். பிரிஞ்ச நாடுகளுக்கு நடுவுல எப்பவும் பிரிஞ்ச குடும்பங்க இருக்கு, ஃப்ளோரிடாவுல லட்சக்கணக்குல கியூபாக்காரங்க இருக்காங்க. கொள்கை, கௌரவம்னு தலைவருங்க பேசுற ஒவ்வொரு வருஷமும் இவங்க வயசுலேர்ந்துதான் கழியுது. அதனாலதான் இந்த விஷயத்தை நான் தலைவருங்க கதையா பாக்குறதில்ல.

சரி, உறவு எப்படி திரும்ப ஆரம்பிக்குது? பெரும்பாலும் ரகசியமா. ஏன்னா ரெண்டு பக்கமும் உள்ளூர்ல எதிர்ப்பு இருக்கும், பேச்சு நடக்குதுன்னு தெரிஞ்சாலே "எதிரிகிட்ட பணிஞ்சுட்டான்"னு கிளம்பிருவாங்க, பேச ஒண்ணுமே இல்லாத நிலையிலேயே பேச்சு செத்துரும். 1971 ஜூலையில அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸனோட ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தானுக்குப் போனாரு, வயித்துவலின்னு வெளிய சொல்லிட்டு அங்கேர்ந்து ரகசியமா பெய்ஜிங் போய் சீனப் பிரதமர் சௌ என்லாயைப் பாத்துட்டு வந்தாரு, அதுக்கு அப்புறம்தான் 1972 பிப்ரவரியில நிக்ஸன் போனாரு. சவுதியும் ஈரானும் 2016ல முறிஞ்சவங்க, 2021லேர்ந்து பாக்தாத்துலயும் ஓமன்லயும் பல சுத்து பேசி, கடைசியா 2023 மார்ச் 10 அன்னிக்கு பெய்ஜிங்ல கையெழுத்து போட்டாங்க. எல்லாரும் சீனாவைப் பத்தி மட்டும் பேசுனாங்க, ஈராக்கும் ஓமனும் போட்ட உழைப்பை நிறைய பேர் மறந்துட்டாங்கன்னு எனக்கு வருத்தம்தான்.

கியூபா விஷயத்துல கனடா இடம் குடுத்துச்சு, வாட்டிகன் நம்பிக்கை குடுத்துச்சு. 2013லேர்ந்து ஒன்றரை வருஷம், ஒபாமா பக்கம் பென் ரோட்ஸ், ரிக்கார்டோ சுனிகான்னு ரெண்டே பேர்தான் முக்கியமா போய்ப் பேசுனாங்க. 2014 கோடையில போப் பிரான்சிஸ் ஒபாமாவுக்கும் கியூபா அதிபர் ரவுல் காஸ்ட்ரோவுக்கும் தனித்தனியா கடிதம் எழுதுனாரு. இந்த மாதிரி பேச்சுல முதல்ல வர்றது கைதிங்க விஷயம். அது சின்னதா தெரியும், ஆனா அதுதான் சோதனை, இந்த ஒரு வாக்கை எதிராளி காப்பாத்துறானா இல்லையான்னு பாத்துக்கிறதுக்கு. 2014 டிசம்பர் 17 அன்னிக்கு கியூபா ஜெயில்ல அஞ்சு வருஷம் இருந்த ஆலன் கிராஸ்ங்கிற அமெரிக்கர் வீடு திரும்புனாரு, கியூபா ஜெயில்லயே இருந்த, அமெரிக்காவுக்காக உளவு பாத்த ஒருத்தரும் விடுதலை ஆனாரு, அமெரிக்க ஜெயில்ல இருந்த கியூபா உளவாளிங்க மூணு பேர் ஹவானா போனாங்க, அதே நாள்ல அதே நேரத்துல ரெண்டு தலைவருங்களும் டிவியில வந்து உறவை மறுபடி தொடங்குறோம்னு சொன்னாங்க. நேரத்தைக் கூட பேசி வச்சுதான் செஞ்சாங்க, யாரும் முந்திக்கக் கூடாதுன்னு.

அறிவிப்பு வந்த டிசம்பர்லேர்ந்து எம்பசி திறந்த ஜூலை வரைக்கும் ஏழு மாசம். கட்டடம் இருக்கு, ஆள் இருக்கு, மேஜை நாற்காலி எல்லாம் இருக்கு, அப்புறம் ஏன் ஏழு மாசம்னு கேக்கலாம். இங்கதான் விஷயமே இருக்கு. அமெரிக்கா பக்கம் ராபர்ட்டா ஜேக்கப்சன், கியூபா பக்கம் ஹொசஃபினா விடால், ரெண்டு பெண்கள் தலைமையில மாத்தி மாத்தி ஹவானாவுலயும் வாஷிங்டன்லயும் உக்காந்து பேசுனாங்க. எங்க அதிகாரிங்க ஹவானாவைத் தாண்டி ஊருக்குள்ள போகணும், வாசல்ல போலீஸ் நின்னா எங்களைப் பாக்க வர்ற கியூபாக்காரங்க பயப்படுறாங்க, எம்பசிக்கு வர்ற பார்சலும் தூதரகப் பையும் தடையில்லாம வரணும், இது அமெரிக்கா கேட்டது. கியூபா கேட்டதுல ஒண்ணு பயங்கரவாதத்துக்கு ஆதரவு தர்ற நாடுங்கிற பட்டியல்லேர்ந்து எங்க பேரை எடுங்க, 1982லேர்ந்து அதுல இருக்கோம். இன்னொண்ணு, எங்களுக்கு ஒரு பேங்க் அக்கவுண்ட் வேணும்.

பேங்க் அக்கவுண்ட் விஷயத்தைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். வாஷிங்டன்ல இருந்த கியூபா அலுவலகத்துக்குக் கணக்கு வச்சிருந்த பேங்க் ஒதுங்கிக்கிச்சு, வேற எந்த பேங்க்கும் கணக்கு திறக்கல. சட்டப்படி தடை இல்ல, ஆனா பயங்கரவாதப் பட்டியல்ல இருக்கிற நாட்டோட பணத்தைத் தொட்டா நாளைக்கு கோடிக்கணக்குல அபராதம் வருமோன்னு பயம். பாஸ்போர்ட், விசாவுக்கு ஃபீஸ் வாங்கி வைக்க இடமில்லாம அந்த வேலையே பல மாசம் தடுமாறுச்சு. அமெரிக்க அரசாங்கமே பேங்க் பேங்க்கா கேட்டுப் பாத்துச்சு, தனியார் பேங்க்கை "நீ கணக்கு திற"ன்னு கட்டாயப்படுத்த முடியாதே. கடைசியில 2015 மே மாசம் ஃப்ளோரிடாவுல ஒரு சின்ன பேங்க் சம்மதிச்சுது, அதே மாசம் 29ம் தேதி பட்டியல்லேர்ந்தும் பேர் போச்சு. ரெண்டு ஜனாதிபதி முடிவெடுத்தும் ஒரு பேங்க் கணக்குக்காக நிக்க வேண்டியிருந்துச்சு. உறவுங்கிறது அரசாங்கம் மட்டும் வச்சுக்கிற விஷயம் இல்ல, பேங்க், ஏர்லைன்ஸ், இன்சூரன்ஸ் கம்பெனி எல்லாம் பயம் தெளிஞ்சு வந்தாதான் அது ஜனங்க கைக்கு வரும்.

2015 ஜூலை 20, நள்ளிரவு தாண்டுன நிமிஷத்துல ரெண்டு நலன் பிரிவும் எம்பசி ஆச்சு. காலையில வாஷிங்டன்ல கியூபா வெளியுறவு மந்திரி புரூனோ ரோட்ரிகஸ் கொடி ஏத்துனாரு. ஆகஸ்ட் 14 அமெரிக்க வெளியுறவு மந்திரி ஜான் கெர்ரி ஹவானா போனாரு, 1961ல கடைசியா அந்தக் கொடியை இறக்குன மூணு மரைன் வீரர்களையும் கூட்டிட்டுப் போனாரு, இறக்கும்போது இளவட்டமா இருந்தவங்க எல்லாம் தாத்தா ஆகியிருந்தாங்க, அவங்க கையாலயே புதுக் கொடியைக் குடுத்தாங்க. அடுத்த மார்ச்ல ஒபாமாவே போனாரு, 1928ல கூலிட்ஜ் போனதுக்கு அப்புறம் பதவியில இருக்கும்போதே கியூபாவுக்கு அதிகாரப்பூர்வமா போன முதல் அமெரிக்க ஜனாதிபதி. 2016 ஆகஸ்ட் கடைசியில டைம்டேபிள் போட்டு ஓடுற நேரடி பயணிகள் ஃபிளைட்டும் ஆரம்பிச்சுது.

இதெல்லாம் ஜனாதிபதி கையெழுத்துல நடந்த காரியம், அதுதான் பலவீனமும். பொருளாதாரத் தடை 1962ல ஜனாதிபதி உத்தரவா வந்துச்சு, ஆனா 1996 பிப்ரவரியில கியூபா போர் விமானம் ரெண்டு சின்ன சிவிலியன் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி நாலு பேர் செத்தாங்க, அந்தக் கோபத்துல அமெரிக்க காங்கிரஸ் ஹெல்ம்ஸ் பர்ட்டன் சட்டம் கொண்டாந்து தடையை சட்டத்துக்குள்ளயே பூட்டிருச்சு. அதுக்கு அப்புறம் எந்த ஜனாதிபதியும் தனியா தடையை முழுசா எடுக்க முடியாது. ஒபாமா அங்கங்க விதிவிலக்கு குடுத்துத் தளர்த்தத்தான் முடிஞ்சுது. எம்பசி திறந்தாச்சு, தடை அப்படியே இருக்கு. அதோட பழைய சொத்துக் கணக்கு: புரட்சிக்கு அப்புறம் கியூபா எடுத்துக்கிட்ட அமெரிக்கர் சொத்துக்கு 5,913 கோரிக்கைகளை அமெரிக்க ஆணையம் சரிபாத்து ஏத்துக்கிட்டிருக்கு, அசல் மட்டும் சுமார் 190 கோடி டாலர், வட்டி தனி. கியூபா, தடையால எங்களுக்கு வந்த நஷ்டம் அதை விட பல மடங்குன்னு எதிர்க்கணக்கு காட்டுது. பேசவாவது உக்காந்தாங்க, முடிவு வரல. கியூபா மண்ணுல குத்தகைக்கு வச்சிருக்கிற குவாண்டனாமோ கடற்படைத் தளத்துக்கு அமெரிக்கா வருஷா வருஷம் 4,085 டாலருக்கு வாடகை செக் அனுப்புது, புரட்சி வந்த 1959ல ஒரே ஒரு தடவை தவிர கியூபா அதை மாத்தினதே இல்ல, மாத்துனா குத்தகையை ஒத்துக்கிட்டதா ஆயிடும். தூதர் விஷயமும் முழுசா முடியல. கியூபா தூதரை அனுப்பிருச்சு, ஒபாமா ஜெஃப்ரி டிலாரன்டிஸ் பேரை 2016 செப்டம்பர்ல அறிவிச்சாரு, செனட் ஒப்புதல் குடுக்கவே இல்ல, அவரு பொறுப்பு அதிகாரியாவே வேலை பாத்தாரு.

ஆட்சி மாறுச்சு. 2017 ஜூன்ல ட்ரம்ப் பயண, வியாபார சலுகைகளைக் குறைச்சாரு. ஹவானாவுல அமெரிக்க அதிகாரிங்களுக்குக் காரணம் புரியாத தலைசுத்தல், காது வலி, ஞாபகக் குறைவுன்னு உடம்பு பிரச்சன வந்ததா சொல்லி அந்த செப்டம்பர்ல எம்பசி ஆட்களைப் பாதிக்கு மேல திரும்பக் கூப்பிட்டாங்க, அடுத்து கியூபா அதிகாரிங்க 15 பேரை வெளியேத்துனாங்க. உறவு முறிஞ்சுதா? இல்ல. எம்பசி மூடுனாங்களா? இல்ல. ஆனா ஹவானாவுல விசா வேலை பாக்க ஆள் இல்ல, அமெரிக்காவுல குடியேற விசா வேணும்னா கியூபாக்காரங்க தென் அமெரிக்காவுல கயானா நாட்டோட தலைநகர் ஜார்ஜ்டவுனுக்குப் போய் இன்டர்வியூ குடுக்கணும்னு வச்சாங்க. பிள்ளையோட போய்ச் சேரணும்னு நினைக்கிற வயசான ஒருத்தர் மாசச் சம்பளத்தைப் போல பல மடங்கு செலவு பண்ணி இன்னொரு நாட்டுக்கு ஃபிளைட் ஏறணும், அங்க ரூம் எடுத்துத் தங்கணும், மெடிக்கல் டெஸ்ட் எடுக்கணும், இன்னும் ஒரு பேப்பர் வேணும்னா இன்னும் சில நாள் காத்துக்கிடக்கணும். ஹவானாவுல அந்த வேலை திரும்ப ஆரம்பிச்சது 2022லதான், முழு அளவுல 2023 ஜனவரியில. கொடி பறந்துகிட்டே இருந்துச்சு, கொடிக்குக் கீழ நடக்க வேண்டிய வேலைதான் நடக்கல.

பயங்கரவாதப் பட்டியலைப் பாருங்க. 2015ல எடுத்தாங்க, 2021 ஜனவரி 12ல பதவி முடியப் போற நேரத்துல ட்ரம்ப் ஆட்சி திரும்பச் சேத்துச்சு, 2025 ஜனவரி 14ல பதவி முடியப் போற நேரத்துல பைடன் எடுக்கிறேன்னு அறிவிச்சாரு, ஆறே நாள்ல பதவிக்கு வந்த ட்ரம்ப் அதை ரத்து பண்ணாரு. ஒரு கையெழுத்துல வந்தது இன்னொரு கையெழுத்துல போயிடும்ங்கிறதுக்கு இதை விட தெளிவான உதாரணம் வேற வேணாம்.

இப்ப வியட்நாமைப் பாருங்க. லட்சக்கணக்கான பேர் செத்த போர், 1975ல முடிஞ்சுது, கியூபாவை விட ஆயிரம் மடங்கு ரணம். ஆனா இந்த உறவு இன்னிக்கும் நிக்குது. எப்படின்னா மெதுவா, படிப்படியா, ஒவ்வொரு படிக்கும் என்ன குடுப்பேன் என்ன கேப்பேன்னு எழுதி வச்சு நடந்தாங்க. போர்ல காணாமப்போன அமெரிக்க வீரர்கள் ரெண்டாயிரத்துக்கும் மேல, அவங்க குடும்பங்க எலும்பாவது கிடைக்குமான்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க, அதுதான் முதல் பேச்சு. 1987ல ரிட்டையர்டு ஜெனரல் ஜான் வெஸ்ஸி வியட்நாம் தலைநகர் ஹனோய் போய் அதுக்கு வழி பண்ணாரு, அப்புறம் ரெண்டு நாட்டு ஆட்களும் சேந்து விமானம் விழுந்த வயக்காடு, மலைக்காடுன்னு தோண்டித் தேடுனாங்க. நேத்து வரைக்கும் சுட்டுக்கிட்டவங்க ஒரே குழியில மண்ணை சலிச்சுக்கிட்டு நின்னாங்க. நம்பிக்கைங்கிறது அங்கதான் உண்டாச்சுன்னு நான் நினைக்கிறேன், மாநாட்டு மேஜையில இல்ல. 1991ல அமெரிக்கா நாலு கட்டமா ஒரு திட்டத்தை எழுதியே குடுத்துச்சு, வியட்நாம் படை புகுந்திருந்த கம்போடியாவுல சமாதானத்துக்கு ஒத்துழைப்பு, வீரர்களைத் தேடுறதுல ஒத்துழைப்பு, அதுக்குப் பதிலா தடை ஒவ்வொண்ணா தளரும்னு.

உள்ளூர் எதிர்ப்பை எப்படி சமாளிச்சாங்கன்னு பாக்குறது முக்கியம். செனட்ல முன்னால நின்னவங்க ரெண்டு பேர், ஜான் மெக்கெய்ன், ஜான் கெர்ரி. மெக்கெய்ன் ஹனோய் ஜெயில்ல அஞ்சரை வருஷம் அடி வாங்குனவரு, கெர்ரி அந்தப் போர்ல சண்டை போட்டுட்டு வந்து போருக்கு எதிரா நின்னவரு. இவங்களைப் பாத்து யாரு தேசத்துரோகின்னு சொல்ல முடியும்? 1994 ஜனவரியில தடையை எடுக்கலாம்னு செனட் 62க்கு 38னு ஓட்டு போட்டுச்சு, ஒரு வாரத்துக்குள்ள பிப்ரவரி 3ம் தேதி கிளின்டன் எடுத்தாரு. 1995 ஜனவரியில சொத்துக் கணக்கைத் தீத்தாங்க, வியட்நாம் சுமார் 20 கோடியே 80 லட்சம் டாலர் குடுத்துச்சு, அமெரிக்கா முடக்கி வச்சிருந்த வியட்நாம் பணத்தை விடுவிச்சுது, கூடவே தொடர்பு அலுவலகம் திறந்தாங்க, அதுக்கு அப்புறம்தான் ஜூலை 11 அன்னிக்கு முழு உறவு அறிவிப்பு. கியூபாவுல இந்த வரிசை தலைகீழா இருந்துச்சுன்னு கவனிங்க, அங்க எம்பசி முதல்ல, சொத்துக் கணக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டாங்க. 1997ல முதல் தூதரா ஹனோய் போனவரு பீட் பீட்டர்சன், விமானம் சுடப்பட்டு அதே நாட்டு ஜெயில்ல ஆறு வருஷத்துக்கு மேல கிடந்தவரு.

அதோட நிறுத்தல. 2000ல வியாபார ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, காங்கிரஸ் ஒப்புதலோட 2001 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு, வியட்நாம் பொருளுக்கு சராசரியா 40 சதவீதத்தை ஒட்டி இருந்த வரி 3, 4 சதவீதத்துக்கு இறங்குச்சு. துணி, செருப்பு, மீன்னு கப்பல் கப்பலா போக ஆரம்பிச்சதும் ரெண்டு நாட்டுலயும் இந்த உறவு கெட்டா எங்களுக்கு நஷ்டம்னு சொல்ற ஒரு கூட்டம் உருவாச்சு, அந்தக் கூட்டம்தான் எந்த உறவுக்கும் காவல். போர்ல தெளிச்ச ஏஜென்ட் ஆரஞ்ச் விஷம் டா நாங் விமான நிலைய மண்ணுல ஊறிப்போய் இருந்துச்சு, அமெரிக்க நிதியில 2012லேர்ந்து 2018 வரைக்கும் அந்த மண்ணைத் தோண்டி சூடேத்தி சுத்தப்படுத்துனாங்க. ஆயுத விற்பனைத் தடை முழுசா போனது 2016லதான். முதல் அறிவிப்புக்கு அப்புறம் 21 வருஷம்.

எரித்ரியா கதை இதுக்கு நேர் எதிர். அதைச் சொல்லும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கும். எத்தியோப்பியாவும் எரித்ரியாவும் 1998லேர்ந்து 2000 வரைக்கும் எல்லைக்காகப் போர் பண்ணாங்க, பல்லாயிரம் பேர் செத்தாங்க, அப்புறம் 18 வருஷம் போரும் இல்ல சமாதானமும் இல்ல, ஃபோன் லைன் கூட கிடையாது. 2018 ஜூலையில எத்தியோப்பியாவோட புதுப் பிரதமர் அபிய் அகமது எரித்ரியா தலைநகர் அஸ்மாரா போய் அங்கத்த அதிபர் இசயாஸ் அஃபெவெர்கியைக் கட்டிப்பிடிச்சாரு, 9ம் தேதி கூட்டறிக்கை. ஃபோன் லைன் வந்ததும் எத்தியோப்பியாவுல இருக்கிறவங்க சொந்தக்காரங்க நம்பரைத் தேடிக் கூப்பிட்டாங்க, சில பேர் சும்மா ஏதோ ஒரு எரித்ரியா நம்பரை அடிச்சு முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க. 18ம் தேதி முதல் ஃபிளைட், கூட்டம் தாங்காம ரெண்டு விமானம் அடுத்தடுத்து போச்சு, அஸ்மாராவுல இறங்குனதும் 20 வருஷமா பாக்காத அப்பா பொண்ணு எல்லாம் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. செப்டம்பர் 11 அன்னிக்கு எல்லை திறந்துச்சு. அபிய்க்கு 2019ல நோபல் பரிசு.

ஆனா பேப்பர் வேலை நடக்கல. எல்லையில எந்த பாஸ் செல்லும், சரக்குக்கு என்ன வரி, எந்தப் பணத்துல வியாபாரம், போருக்கே காரணமான பாட்மே ஊரு உட்பட எல்லைக் கோட்டை எப்ப தரையில குறிப்பாங்க, இதுக்கெல்லாம் ஒப்பந்தம் முடிவாகல. திறந்த எல்லை சில மாசத்துலயே ஒவ்வொரு இடமா மறுபடி மூடிக்கிச்சு, காரணம் கூட யாரும் சரியா சொல்லல. ரெண்டு தனி மனுஷங்க சேந்தாங்க, ரெண்டு நாட்டு அலுவலகங்க சேரவே இல்ல. 2020ல எத்தியோப்பியாவோட வடக்கு ஓரத்துல, எரித்ரியா எல்லையை ஒட்டுன திக்ராய் பகுதியில போர் வந்தப்ப ரெண்டு தலைவரும் ஒரே பக்கம் நின்னாங்க, 2018ல எல்லை திறந்தப்ப கட்டிப்பிடிச்சு அழுத அதே எல்லையோர திக்ராய் ஜனங்கதான் அதுல நொறுங்குனாங்க.

இன்னொரு விஷயம், ரெண்டு பேர் சேரும்போது மூணாவது ஆளுக்கு விழும். அமெரிக்கா 1979 ஜனவரி 1ல பெய்ஜிங்கோட முழு உறவு வச்சப்ப தைவானோட அரசாங்க உறவை முறிக்க வேண்டியதாச்சு. அதே வருஷம் எகிப்து இஸ்ரேலோட சமாதானம் பண்ணுச்சு, அரபு லீக் எகிப்தை வெளிய நிறுத்தி தலைமையகத்தையே கெய்ரோவுலேர்ந்து துனிஸுக்கு மாத்திருச்சு, திரும்பச் சேத்துக்க பத்து வருஷம் ஆச்சு. எகிப்துக்கு இஸ்ரேல் பிடிச்சு வச்சிருந்த சினாய் பகுதி திரும்பக் கிடைச்சுது, பாலஸ்தீனம் விஷயம் அப்படியே நின்னுச்சு. அதனால ஒரு சமாதானச் செய்தி வந்தா அதுல பேர் வராதவங்க யாருன்னும் பாக்கணும்.

உறவு சீராச்சுன்னா ரெண்டு நாடும் நண்பர் ஆயிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. 1972 ஷாங்காய் கூட்டறிக்கையைப் பாத்தா ஆச்சரியமா இருக்கும், பாதி அறிக்கையில "அமெரிக்கா இப்படி நினைக்குது", "சீனா அப்படி நினைக்குது"ன்னு கருத்து வேறுபாட்டைத் தனித்தனியா எழுதி வச்சிருக்காங்க. மழுப்பாம எழுதுனதாலதான் அது வேலைக்கு ஆச்சுன்னு நினைக்கிறேன். சண்டை இருக்கும், ஆனா சண்டை போட ஒரு அலுவலகம் இருக்கும், எதிர்ப்புக் கடிதம் குடுக்க ஒரு ஆள் இருப்பாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லையில துப்பாக்கி வெடிச்சா ஃபோன் எடுக்க ஒருத்தர் இருப்பாரு. அது சின்ன விஷயம் இல்ல.

அடுத்த தடவை இப்படி நியூஸ் வந்தா, கை குலுக்குனதை விட்டுட்டு வேற சிலதைத் தேடிப் பாருங்க. தூதர் பேரை எதிர்நாட்டுக்கு அனுப்பி முன்சம்மதம் வாங்கிட்டாங்களா, இல்ல பொறுப்பு அதிகாரியோட நிக்குதா. எம்பசியில விசா கவுன்ட்டர் திறந்துச்சா. பழைய சொத்து, கைதி, எல்லைக் கணக்குக்குத் தனிக் குழு போட்டாங்களா. பேங்க் பணம் போகுதா. நாடாளுமன்றத்துல ஏதாவது சட்டமா ஆச்சா, இல்ல எல்லாம் ஒருத்தர் கையெழுத்துலயே தொங்குதா.

சவுதி ஈரான் விஷயத்தையே எடுத்துக்கங்க. 2023 மார்ச்ல அறிவிப்பு, ரெண்டு மாசத்துல எம்பசின்னு சொன்னாங்க, ரியாத்துல ஈரான் எம்பசி திறந்தது ஜூன் 6, தெஹ்ரான்ல சவுதி எம்பசி வேலை ஆரம்பிச்சது ஆகஸ்ட்ல. ஈரான்லேர்ந்து உம்ரா யாத்திரைக்குப் போற ஃபிளைட் அந்த டிசம்பர்லயே கிளம்பும்னு சொல்லி, தள்ளித் தள்ளிப் போய், 2024 ஏப்ரல்லதான் முதல் யாத்ரீகர் கூட்டம் போச்சு, ஒன்பது வருஷத்துக்கு அப்புறம்.